நிதிப் பகிர்வும் கொழிஞ்சாம்பாறை மழையும்

கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. தமிழ் பேசும் உழவர்கள் தலைமுறைகளாக வாழும் இந்த மண்ணில் தென்னையும் ஆழ்துளைக் கிணறுமே வாழ்க்கை. மாநிலச் சராசரியில் பிழையேதும் இல்லை. ஆனாலும் அதை நம்பி இங்கே ஒருவரும் நாற்று விடமாட்டார்கள்.

வருமானச் சராசரிக்கும் இதே இயல்பு உண்டு. வசதியான பகுதிகளிலிருந்து திரட்டிய வரியை வசதி குறைந்த பகுதிகளுக்குத் திருப்பிவிடும் அரசு ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சராசரி எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 280ஆவது பிரிவின்படி அமையும் நிதிக்குழு, ஒன்றிய அரசு திரட்டும் வரிகளில் மாநிலங்களின் மொத்தப் பங்கு எவ்வளவு என்பதையும், அந்தப் பங்கு மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிய வேண்டும் என்பதையும் பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு என். கே. சிங் தலைமையிலான பதினைந்தாம் நிதிக்குழு 41 விழுக்காட்டைப் பரிந்துரைத்தது. செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென விதிக்கும் வரி), கூடுதல் கட்டணம் என்ற பெயர்களில் திரட்டப்படும் தொகை இந்தக் கணக்கில் சேராது என்பதால், மொத்த வரி வருவாயில் மாநிலங்களுக்கு உண்மையில் வந்து சேரும் பங்கு அதைவிடக் குறைவு.

மாநிலங்களுக்கிடையே பிரிக்கும் சூத்திரத்தில் மக்கள்தொகைக்கும் பரப்பளவுக்கும் தலா 15 விழுக்காடும், காடுகளுக்கு 10 விழுக்காடும், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5 விழுக்காடும், வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 விழுக்காடும் எடை தரப்பட்டன. எஞ்சிய 45 விழுக்காடு ‘வருமான இடைவெளி’ என்ற ஒரே அளவுகோலுக்குப் போனது. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் இதுதான்.

அதன் கணக்கைக் கற்பனை எண்களால் பார்க்கலாம். வசதியான ஒரு மாநிலத்தில் தனிநபர் வருமானம் 3 லட்சம் ரூபாய் என்றும், அதுவே எல்லாரையும் ஒப்பிடும் அளவு என்றும் கொள்வோம். பதினைந்தாம் நிதிக்குழு இந்த இடத்தில் ஹரியாணாவை வைத்தது. ‘அ’ மாநிலத்தில் 2 கோடி மக்களும் 1 லட்சம் ரூபாய்த் தனிநபர் வருமானமும், ‘ஆ’ மாநிலத்தில் 4 கோடி மக்களும் 2.5 லட்சம் ரூபாய் வருமானமும் இருக்கின்றன. ஒப்பீட்டு அளவான 3 லட்சத்திலிருந்து இவற்றின் இடைவெளிகள் லட்சக் கணக்கில் முறையே 2, 0.5. இவற்றை மக்கள்தொகையால் பெருக்கினால் 4, 2 என்று வரும். ஆகவே தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ‘அ’வுக்கும் ஒரு பங்கு ‘ஆ’வுக்கும் சேரும். மக்கள்தொகைக்கென்று தனி எடை இருந்தும், இடைவெளிக் கணக்குக்குள்ளும் அது மீண்டும் வருவதைக் கவனிக்க வேண்டும்.

இனி ‘ஆ’வைச் சற்று உள்ளே சென்று பார்ப்போம். அதில் 2 கோடிப் பேர் 3 லட்சம் வருமானத்தோடு கடற்கரை நகரங்களில் வாழ்கிறார்கள். மற்ற 2 கோடிப் பேர் 2 லட்சம் வருமானத்தோடு வறண்ட கிழக்கில் வாழ்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் நகரப் பகுதியின் பெருக்கல் தொகை 0, கிழக்குப் பகுதியின் தொகை 2. கூட்டினால் மாநிலத்துக்கு வந்த அதே 2. சூத்திரம் மாநிலத்தின் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவில்லை. அந்தப் பணம் முழுவதும் யாரை எண்ணி வந்தது என்ற முகவரி மட்டும் அழிந்துபோயிற்று. மாநிலக் கருவூலத்தில் விழுந்த பிறகு அது கிழக்குக்கே போயாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எல்லைப்புற ஊர்களின் குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

கேரளத்தின் பங்கு பதினான்காம் நிதிக்குழுவில் 2.5 விழுக்காடாக இருந்து பதினைந்தாம் குழுவில் 1.925 விழுக்காடாகக் குறைந்ததற்கு மாநிலத்தின் உயர்ந்த சராசரி வருமானமும், 1971ஆம் ஆண்டின் மக்கள்தொகையை விட்டு 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டதும் முக்கியக் காரணங்கள். அந்தக் குறைவு கொச்சியையும் கொழிஞ்சாம்பாறையையும் ஒரே அளவில் தாக்கவில்லை. சொந்த வரி வருவாய் குறைந்த பஞ்சாயத்துக்கு அடி பலமாக விழுந்தது.

முகவரியோடு பணம் அனுப்பிய முயற்சியும் உண்டு. 2007இல் தொடங்கிய ‘பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி’ நாட்டின் 250 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி ரூபாயை நேரடியாக ஒதுக்கியது. கேரளத்தில் பாலக்காடும் வயநாடும் அதில் இடம்பெற்றன. பதினான்காம் நிதிக்குழு மாநிலங்களின் பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியபோது, இத்தகைய செலவுகளை இனி மாநிலங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று 2015இல் ஒன்றிய அரசு அந்த நிதியிலிருந்து விலகிக்கொண்டது. மாநிலங்களுக்குச் சுதந்திரம் கூடிற்று, மாவட்டத்தின் முகவரி மறுபடியும் மறைந்தது. தமிழ்நாடு தன் பின்தங்கிய வட்டாரங்களுக்கென ‘மாநிலச் சமச்சீர் வளர்ச்சி நிதி’யை ஏற்படுத்தியதும், அதற்கும் முன்பே, 1996இல், கேரளம் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவெடுத்ததும், இப்படி முகவரி மறைவதை மாநில அளவில் ஈடுசெய்யும் வழிகளே.

ஐரோப்பிய ஒன்றியம் நாட்டை விட்டுப் பகுதியையே அலகாகக் கொள்கிறது. ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்கும் குறைவான தனிநபர் உற்பத்தி உள்ள பகுதிகளுக்கே மிகுதியான உதவி. இந்தக் கோடு ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பைத் தந்தது. 74 விழுக்காட்டில் உள்ள பகுதிக்கும் 76 விழுக்காட்டில் உள்ள பகுதிக்கும் வேறு பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் ஒன்றுக்கு அந்த மிகுதியான உதவி கிடைக்கிறது, மற்றதற்குக் கிடைப்பதில்லை. எனவே பின்னாளில் இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டைப் பணத்தின் விளைவாகக் கருதலாம். பெக்கர், எக்கர், வான் எர்லிக் ஆகிய மூவரும் இம்முறையில் 2010இல் வெளியிட்ட ஆய்வு, உதவி பெற்ற பகுதிகளில் வருமான வளர்ச்சி கூடியதையும், வேலைவாய்ப்பில் அதற்கு இணையான ஏற்றம் தெளிவாகத் தென்படாததையும் காட்டியது. கல்வியும் நிர்வாகத் தரமும் போதிய அளவில் இருந்த பகுதிகளே பணத்தை வளர்ச்சியாக மாற்றின என்று அவர்களின் பிந்தைய ஆய்வு ஒன்று கண்டது.

பணம் வந்தால் மட்டும் போதாது என்பதைப் பாலக்காடு மாவட்டத்திலேயே உணர்த்தும் இடம் அட்டப்பாடி. பாழ்பட்ட மலைநிலத்தையும் நீர்வளத்தையும் மீட்பதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு அங்கே 1990களின் பிற்பகுதியிலிருந்து ஒரு பெரிய திட்டம் நடந்தது. அந்தத் திட்டம் முடிந்த பின், 2013இல், ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய பழங்குடிக் குழந்தைகளின் இறப்புகள் நாட்டையே உலுக்கின. மண்ணுக்கென்று வந்த நிதி தாய்மார்களின் தட்டுவரை தானாகப் போய்ச் சேர்வதில்லை.

முகவரியைத் திரும்ப எழுத வேண்டுமானால் முதலில் அளவு வேண்டும். பஞ்சாயத்து அளவில் தனிநபர் வருமானக் கணக்கு என்று நம் நாட்டில் எதுவும் வெளியாவதில்லை. அதனால் கூரையின் வகை, எழுத்தறிவு, குடிநீர் போன்ற அடையாளங்களைக் கொண்டே பின்தங்கிய நிலை மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் பல 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு நின்றுவிட்டன. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் வீட்டுப் பட்டியல் படிவம் வருமானத்தைக் கேட்பதில்லை. குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது வளாகத்துக்குள் கிடைக்கிறதா, தொலைவிலிருந்து எடுத்துவரப்படுகிறதா என்று கேட்கும். வடகரப்பதியில் அந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் விடை, மாவட்டச் சராசரியில் கலந்துவிடாமல் பஞ்சாயத்தின் பெயரோடு நிதி ஒதுக்குபவர்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.