டிசைன் நோட்டுக்கு முன்னால் லாஸ்ட்: காலணித் தொழிலுக்குள் வரப்போகிறவர்களுக்கு

சொந்தமாகக் காலணி பிராண்டு தொடங்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் படங்களோடுதான் வருகிறார்கள். படங்கள் நன்றாகவே இருக்கும். பெயர், லோகோ, பெட்டியின் நிறம்கூட முடிவாகியிருக்கும். "எந்த லாஸ்ட்டில் செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும்போதுதான் பேச்சு நின்றுவிடும்.

பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான அட்டை வடிவம், வெட்டுவதும், சாம்பிளிலிருந்து உற்பத்தி வரை கூடவே நிற்பதும் என் வேலை. கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டுவிட்டு ஒரே சீசனில் கடையை மூடிய நல்ல டிசைனர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ரசனைக்குக் குறைவில்லை. அளவில்தான் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கால் வடிவ அச்சுதான் லாஸ்ட். அப்பரை, அதாவது காலணியின் மேல்பாகத்தை, அதன் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டித்தான் காலணி உருவாகிறது. பார்க்கக் கால் மாதிரி இருந்தாலும் அது காலின் நகல் அல்ல. மூடிய காலணி என்றால், நடக்கும்போது விரல்கள் முன்னே நகர்வதற்காக லாஸ்ட் காலைவிடப் பொதுவாக 10 முதல் 15 மி.மீ. நீளமாக இருக்கும், கூர்முனை மாடல்களில் இன்னும் கூடும். மேல் விளிம்பு வரும் இடத்தில் காலைவிடக் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். இல்லாவிட்டால் பின்பக்கம் கழன்று கழன்று வரும். ஹீல் உயரமும் லாஸ்ட்டிலேயே முடிவாகிவிடுகிறது. 5 செ.மீ. ஹீலுக்கான லாஸ்ட்டில் செய்துவிட்டு, 7 செ.மீ. ஹீல் அழகாக இருக்கிறதே என்று மாட்டினால் முன்பாதம் தரையில் சரியாகப் படியாது, நிற்கும்போதே ஆடும்.

காகிதத்தில் வரைந்தது லாஸ்ட்டுக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். லாஸ்ட் முழுவதும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் பென்சிலால் டிசைன் வரைகிறோம். பிறகு டேப்பை வெட்டி உரித்துத் தட்டையாக அட்டையில் ஒட்டுகிறோம். வளைந்த பரப்பு தட்டையாகும்போது சில இடங்களில் டேப் சுருங்கும், சில இடங்களில் பிளக்கும். எந்த இடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிவதுதான் பேட்டர்ன் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தால், வெளிப்பக்க எலும்பு உட்பக்க எலும்பைவிடத் தாழ்ந்து இருக்கும். படத்தில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விளிம்பு வரைந்திருப்பார்கள். அப்படியே வெட்டினால் வெளிப்பக்க விளிம்பு எலும்பில் இடித்துத் தோலை உரித்துவிடும். வெளிப்பக்கத்தைச் சில மி.மீ. இறக்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தச் சில மி.மீ. தெரியாத டிசைனை வாங்கியவர் இரண்டாவது முறை வாங்க மாட்டார்.

இனி அளவுக் கணக்கு. முதல் சீசனுக்கு மூன்று டிசைன், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம் என்று திட்டமிடுவார்கள். சின்னத் திட்டமாகத்தான் தெரியும். பெண்கள் காலணி, ஐரோப்பிய அளவில் 36 முதல் 41 வரை ஆறு அளவு என்று வைத்தால் 3 × 3 × 6, ஆக மொத்தம் 54 தனித்தனிச் சரக்கு. சட்டைக்கும் அளவு உண்டுதான். ஆனால் கொஞ்சம் லூஸான சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், கடிக்கிற செருப்பை யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தொழிலில் 12 ஜோடிப் பெட்டியை 1, 2, 3, 3, 2, 1 என்று பிரிப்பது பழக்கம். நடு அளவுகள் அதிகம், ஓரத்து அளவுகள் குறைவு. 38-ம் 39-ம் முதலில் தீர்ந்துபோகும். அதன் பிறகு அலமாரியில் சரக்கு இருந்தாலும் வருபவருக்குத் தேவையான அளவு இருக்காது. பணம் 36-லும் 41-லும் முடங்கிக் கிடக்க, தீர்ந்த அளவை மட்டும் மறுபடி செய்யச் சொன்னால் தொழிற்சாலை அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல டிசைன்கள் பாதி விலைக்குப் போவது இப்படித்தான்.

ஆகவே புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு லாஸ்ட், அதற்குப் பொருந்தும் ஒரு சோல், அதன் மேல் இரண்டு அப்பர். நிறம் இரண்டு போதும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும், கற்பனைக்குப் பூட்டுப் போடுவதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே லாஸ்ட்டில் கயிறோ பட்டையோ இல்லாத பம்ப் செய்யலாம், கயிறு இல்லாமல் மாட்டிக்கொள்ளும் லோஃபர் செய்யலாம், பட்டை வைத்த மேரி ஜேன் செய்யலாம். வாங்குபவருக்கும் ஒரு முறை 38 சரியாக இருந்தால், அடுத்த மாடலிலும் 38 சரியாகவே இருக்கும். அந்த நம்பிக்கையை எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாது.

சோல் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சொந்த வடிவத்தில் சோல் வேண்டும் என்றால் ஒவ்வோர் அளவுக்கும் தனி மோல்டு (வார்ப்பு அச்சு) செய்ய வேண்டும், அதுவும் இடது வலது இரண்டுக்கும். முதல் சீசனில் அந்தச் செலவைச் செய்யாதீர்கள். தயாராகக் கிடைக்கும் சோல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் சோலை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு லாஸ்ட் தேடி அலையக் கூடாது. அது எந்த லாஸ்ட்டுக்குச் செய்த சோல் என்று விற்பவரிடம் கேட்டு, அந்த லாஸ்ட்டையே எடுங்கள். லாஸ்ட்டின் அடி விளிம்பும் சோலின் உள்விளிம்பும் பொருந்தாவிட்டால் எந்தப் பசை போட்டாலும் ஓரம் பிளந்துகொண்டு வரும்.

அளவு அட்டவணையை வேறு பிராண்டிடமிருந்து அப்படியே எடுத்துப் போடுவதும் பரவலாக நடக்கிறது. ஐரோப்பிய அளவில் ஒரு படி 6.67 மி.மீ., ஆங்கில அளவில் 8.47 மி.மீ. இரண்டும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாது. எங்கேயாவது தோராயமாக்கித்தான் ஆக வேண்டும், அதை ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. காலின் நீளத்தை மி.மீ.-ல் போட்டு, அதற்கு நேராக உங்கள் அளவைக் குறிப்பிடுங்கள். ஆன்லைனில் விற்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். திரும்பி வரும் ஒவ்வொரு ஜோடியும் உங்கள் லாபத்தில் கை வைக்கிறது.

சாம்பிள் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் பெண்களுக்கு 37, ஆண்களுக்கு 42 என்று ஓர் அளவில் மட்டும் சாம்பிள் செய்து ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். மிகச் சிறிய அளவு, மிகப் பெரிய அளவு இரண்டையும் கட்டாயம் செய்து பாருங்கள். லாஸ்ட்டும் பேட்டர்னும் அளவுக்கு ஏற்ப வளரும், பக்கிள் வளராது. 38-ல் அளவாக உட்கார்ந்திருக்கும் பக்கிள் 36-ல் பட்டையை முழுவதும் மறைத்துக்கொண்டு நிற்கும். பிறகு சாம்பிளை யாராவது உண்மையிலேயே போட்டு நடக்க வேண்டும். ஒரு நாள் அல்ல, சில வாரங்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். திரும்பி வந்த ஜோடியை நான் முதலில் உள்ளேதான் பார்ப்பேன். குதிகால் லைனிங் தேய்ந்திருந்தால் பின்பக்கம் வழுக்குகிறது. முன்பக்க மடிப்பு விரல் மூட்டின் மேல் விழாமல் முன்னே தள்ளி விழுந்திருந்தால், லாஸ்ட் அந்தக் காலுக்கு நீளம்.

சாம்பிள் அறையில் கைதேர்ந்த மாஸ்டர் ஒருவர் தோலைக் கையால் இழுத்து லாஸ்ட்டில் பிடிப்பார். பேட்டர்னில் சின்னப் பிசகு இருந்தாலும் அவர் கை அதைச் சரிசெய்துவிடும். யான் மாட்செலிகர் என்ற கண்டுபிடிப்பாளர் 1883-ல் லாஸ்டிங் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த வேலை இயந்திரத்துக்கும் போனது. இயந்திரம் ஒரே மாதிரிதான் இழுக்கும், உங்கள் பேட்டர்னுக்காகப் பரிதாபப்படாது. ஆகவே முழு ஆர்டருக்கு முன், உற்பத்தி லைனிலேயே கொஞ்சம் ஜோடிகள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரு ஜோடிக்கு ஒப்புதல் கொடுத்து, கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு காலணியாக நீங்களும் தொழிற்சாலையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம்.

பொருள்களில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலியூரித்தேன் சோல், குறிப்பாகப் பாலியெஸ்டர் வகை, காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடலாம். அதனால் விற்காமல் தேங்கிய சரக்கை "இருக்கட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று விட்டுவைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக இருந்தால் தோலில் ஆறிணைய குரோமியம் என்ற நச்சுப் பொருள் கிலோவுக்கு 3 மி.கி.-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. சோதனை அறிக்கை இல்லாமல் தோல் வாங்காதீர்கள்.

காகித வேலையில் இரண்டு. நீங்கள் பணம் கொடுத்த லாஸ்ட்டும் மோல்டும் உங்களுடையவை என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் தொழிற்சாலையை மாற்றும்போது அவற்றை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அப்புறம், டிசைனைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் பதிவுக்கு முன் படத்தை இணையத்தில் போடாதீர்கள். ஒரு முறை வெளியானதைப் பல நாடுகளில் புதிய டிசைனாக ஏற்பதில்லை.

தொழில் வளர்வது பற்றியும் கேட்கிறார்கள். நைக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் விற்றது ஜப்பானிலிருந்து வந்த ஒனிட்சுகா டைகர் ஷூக்களை. நைக்கி என்ற பெயரில் சொந்த ஷூக்கள் வந்தது 1971-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறருடைய ஷூக்களை விற்றுத்தான் தொழிலைக் கற்றார்கள். எல்லோரும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் சீசன் விற்பனையை அளவு வாரியாக எழுதி வையுங்கள். திரும்பி வந்தவற்றுக்குக் காரணம் எழுதுங்கள்: நீளமா, அகலமா, குதிகாலா. "அகலம் போதவில்லை" என்று பலர் சொல்லியிருந்தால், உங்கள் அடுத்த முதலீடு புது டிசைன் அல்ல, அதே மாடலுக்கு ஓர் அகல லாஸ்ட். இரண்டு மூன்று சீசன் அதே சோல் ஓடி, மறு ஆர்டர் தொடர்ந்து வந்தால், அப்போது சொந்த மோல்டு திறப்பதைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு வருகிறவர்களிடம் படம் கேட்க மாட்டேன். அளவு வாரி விற்பனைத் தாளைத்தான் கேட்பேன்.