ஒரு எழுத்தை மாத்தி ஒட்டின கதை

கொரோனா சமயத்துல காலேஜ் பசங்கள்ல நிறைய பேர் தடுப்பூசி போடத் தயங்கினாங்களே, படிச்சவங்கதானே, அப்புறம் ஏன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அரைகுறையா படிச்சதும் ஒரு காரணம்தாங்க. டிஎன்ஏ, ஆர்என்ஏன்னு காதுல விழுந்தவனுக்குத்தான் "இது என் ஜீனுக்குள்ள போயிடுமோ"ன்னு தோணும். இன்னொரு பக்கம், இருபது வயசுல நமக்கு என்ன ஆயிடப் போகுதுங்கிற தைரியம். ஆனா என்கிட்ட பசங்க அதிகமா கேட்டது இதுதான்: வருஷக்கணக்கா ஆகுற தடுப்பூசி பத்துப் பதினோரு மாசத்துல எப்படி சார் வந்துச்சு?

நியாயமான சந்தேகம். வைரஸோட மரபணு வரிசை வெளியானது 2020 ஜனவரி, ஃபைசர் கம்பெனியோட எம்ஆர்என்ஏ ஊசிக்கு அவசர அனுமதி கிடைச்சது அதே வருஷம் டிசம்பர். ஃபைசர் சோதனைல 43,000 பேருக்கு மேல இருந்தாங்க, அதனால சோதனைய சுருக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு காத்திருக்காம பல கட்டங்களை ஒண்ணாவே ஓட்டினாங்க, முடிவு வர்றதுக்கு முன்னாடியே பணத்தைப் போட்டு தயாரிப்பையும் ஆரம்பிச்சுட்டாங்க.

எம்ஆர்என்ஏன்னா என்னங்கிறது ஸ்கூல் பாடம்தான்: செல்லுக்குள்ள புரதம் செய்ற மெஷினான ரைபோசோம் படிச்சு புரதம் செய்றதுக்கான ஒரு சீட்டு. ஊசில வர்றது வைரஸோட ஸ்பைக் புரதத்துக்கான சீட்டு மட்டும், கொழுப்பு உருண்டைக்குள்ள சுத்தி. டிஎன்ஏ இருக்கிற உட்கரு பக்கம் அது போறதில்ல, வேலை முடிஞ்சா செல்லே கிழிச்சுப் போட்டுடும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். வெளிய இருந்து ஆர்என்ஏ வந்தா உடம்பு வைரஸ்னு நினைச்சு அலாரம் அடிச்சுடும், சீட்டைப் படிக்கவே விடாது. ஆர்என்ஏவுல இருக்கிற நாலு எழுத்துல ஒண்ணான யூரிடின், அதாவது 'யு'தான் முக்கியமா மாட்டிவிடுறது. ஆனா டிஆர்என்ஏவ, அதாவது ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைத் தூக்கிட்டு வர்ற இன்னொரு வகை ஆர்என்ஏவ, வச்சுப் பார்த்தா அலாரமே இல்ல! ஏன்னா அதுல எழுத்துகள் நிறைய மாறியிருக்கும், 'யு'வுக்குப் பதிலா சூடோயூரிடின் இருக்கிற மாதிரி. சூடோயூரிடினும் யூரிடினேதான், ஒரு அணு கூடக் கூடல, குறையல. எழுத்து சர்க்கரைகூட நைட்ரஜன் வழியா ஒட்ட வேண்டியது கார்பன் வழியா ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். காவல்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியல, ரைபோசோம் மட்டும் வழக்கம்போல 'யு'ன்னே படிச்சுட்டுப் போகுது. ஊசில இதுக்கு ஒரு மெத்தில் குழுவும் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) சேர்த்து, எல்லா 'யு'வையும் மாத்திட்டாங்க.

எழுத்தை மாத்தினா அலாரம் அடிக்காதுன்னு கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான விஞ்ஞானி கட்டலின் கரிகோவோட ஆராய்ச்சிக்குப் பணம் கேட்ட விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிப்பு, 1995ல பதவியையும் இறக்கிட்டாங்க. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியாளர் ட்ரூ வெய்ஸ்மன்கிட்ட பேசப்போய் ரெண்டு பேரும் சேர்ந்து, 2005ல கட்டுரை வந்துச்சு, அப்ப பெரிசா யாரும் கண்டுக்கல. ரெண்டு பேருக்கும் நோபல் 2023ல. "இதனால உடனே என்ன லாபம்"னு கேக்குற கமிட்டிகளைப் பார்த்தா எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

இந்த எம்ஆர்என்ஏ ஊசி போட்ட இளம் ஆண்களுக்கு, முக்கியமா ரெண்டாவது டோஸுக்கு அப்புறம், அரிதா இதயத் தசை வீக்கம் வந்ததும் உண்மை, பெரும்பாலானவங்க தேறிட்டாங்க, கொரோனாவும் அதே வீக்கத்தைக் கொண்டுவரும். இதை பசங்ககிட்ட நேராச் சொல்லாம "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொன்னா வாட்ஸப் ஃபார்வர்டுதான் ஜெயிக்கும்.

இவ்வளவையும் கேட்டுட்டு ஒரு பையன், ஊசியைப் பத்தி ஒண்ணும் சொல்லல, "அப்ப மத்த மூணு எழுத்தை ஏன் சார் மாத்தல?"ன்னான். மாத்தியும் பார்த்திருக்காங்கடா, 'யு' ஒண்ணை மாத்தினாலே காரியம் நடந்துடுதுன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டான்.