பருமனான காலுக்குள் மெலியும் தசை: முழங்கால் தேய்மானத்தில் தவறிப்போகும் பரிசோதனை

முழங்கால் தேய்மானத்தோடு வரும் பருமனானவர்களுக்கு முதலில் கிடைப்பது "வெயிட்டைக் குறைங்க" என்ற ஆலோசனை. சரியான ஆலோசனைதான். ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையை இறக்கினால், குறைவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு. அதில் தசையும் அடக்கம். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தவர்களுக்கு முன்தொடைத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். மூட்டில் நீர் கோத்தால் அந்தத் தசைக்கு வரும் நரம்புத் தூண்டலும் தடைபடும். ஆகவே டயட் சீட்டு எழுதுவதற்கு முன்பே தசையின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். கால் பருத்திருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

எளிய தொடக்கம், இஞ்ச் டேப்பால் கெண்டைக்காலை அளப்பது. நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலும் கணுக்காலும் 90 டிகிரியில் இருக்க, மிகப் பருத்த இடத்தில் சதை அமுங்காமல் டேப்பைச் சுற்ற வேண்டும். இரு கால்களையும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளலாம். ஆசிய சார்கோபீனியா (தசையும் அதன் வலிமையும் குறையும் நிலை) பணிக்குழுவின் 2019 வரையறைப்படி ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழ் போனால் சந்தேகிக்க வேண்டும். பருமனானவர்களுக்கு இதை அப்படியே பயன்படுத்தினால் ஏமாந்துபோவோம். தோலடிக் கொழுப்பும் சேர்ந்துதான் டேப்பில் வருகிறது. அமெரிக்க மக்கள்தொகைத் தரவிலிருந்து 2021-இல் வந்த திருத்தம் இதற்கு உதவும்: பி.எம்.ஐ. 25 முதல் 29.9 வரை என்றால் 3 செ.மீ., 30 முதல் 39.9 வரை என்றால் 7 செ.மீ., 40-ம் அதற்கு மேலும் என்றால் 12 செ.மீ. கழிக்க வேண்டும். ஆசிய எல்லையையும் அமெரிக்கத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்பதால், இது மேற்கொண்டு பரிசோதிக்கச் சொல்லும் அறிகுறி மட்டுமே. இதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. அளப்பதற்கு முன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது நீர்வீக்கம். அன்றைய அளவு பயன்படாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ, பி.எம்.ஐ. 32 உள்ள ஒரு பெண்மணிக்குக் கெண்டைச் சுற்றளவு 36 செ.மீ. பார்வைக்கு நல்ல கால். 7 கழித்தால் 29. எக்ஸ்ரேயால் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் டெக்சா ஸ்கேனில் கை கால் தசை 14.2 கிலோ என்று வருகிறது. அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 6.1, ஆசிய எல்லையான 5.4-ஐத் தாண்டிவிடுவதால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே இருக்கும். அதே 14.2-ஐ பி.எம்.ஐ.யால் வகுத்தால் 0.44. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் அறக்கட்டளை (எஃப்.என்.ஐ.எச்.) வகுத்த எல்லை பெண்களுக்கு 0.512, ஆண்களுக்கு 0.789. தசை போதவில்லை என்பது இங்கேதான் தெரிகிறது. கேள்வி, அந்தத் தசை எவ்வளவு உடம்பைச் சுமக்கிறது என்பதுதான். ஐரோப்பிய ஊட்டச்சத்து, உடல்பருமன் அமைப்புகளின் 2022 கூட்டு வரையறையும் தசையை உடல் எடையோடு ஒப்பிடச் சொல்கிறது. அதற்கு முன்பாகத் தசையின் வலிமையைப் பார்க்கச் சொல்கிறது.

வலிமையைச் சோதிப்பதில்தான் முழங்கால் வலி குறுக்கே வரும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் பலக்குறைவு என்பது ஆசிய எல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு வலியாலும் அந்த நேரம் ஆகும். எழும்போது முகம் சுளித்தாரா, உடம்பை வலியில்லாத காலின் பக்கம் சாய்த்தாரா, வலியே இல்லாமல் மூன்றாவது தடவையில் தொடை நடுங்கியதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். சார்கோபீனியாவைச் சந்தேகிக்க உதவும் சார்க்-எஃப் கேள்வித்தாளிலும் இதே சிக்கல்தான். மாடிப்படி, எழுந்திருப்பது, நடப்பது என அதன் ஐந்து கேள்விகளில் மூன்று முழங்காலைத் தொடுவதால், மதிப்பெண் சந்தேக எல்லையான 4-ஐத் தொட வலி மட்டுமே போதும். எங்கள் பரிந்துரை கைப்பிடி வலிமை. உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, ஹைட்ராலிக் கருவியை முழு பலத்தோடு அழுத்தச் சொல்லி, குறைந்தது இரண்டு முறை எடுத்ததில் அதிகமானதைக் கொள்ளுங்கள். ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் குறைவு. விரல் மூட்டிலும் தேய்மானம் இருந்தால் இதுவும் குறைத்துக் காட்டும்.

டெக்சா கிடைக்காத ஊர்களில், உடம்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தித் தசையைக் கணக்கிடும் பி.ஐ.ஏ. மெஷின் போதும். பேஸ்மேக்கர் உள்ளவர்களை ஏற்றக் கூடாது. கால் வீங்கியிருந்தால் தண்ணீரையும் தசையாகக் கணக்குக் காட்டும். மூட்டு மாற்று உலோகமும் கணக்கைக் கெடுக்கலாம். இரண்டு வெவ்வேறு மெஷின்களின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

தசை குறைவு என்று தெரிந்தால் எடைக் குறைப்பை நிறுத்த வேண்டியதில்லை. வலுப்பயிற்சியையும் புரதத்தையும் அதே நாளில் தொடங்க வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள், படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது, கணுக்காலில் எடை கட்டி முழங்காலை நீட்டுவது, தலையணை வைத்து உயர்த்திய நாற்காலியிலிருந்து எழுவது. பயிற்சியால் கூடிய வலி மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் பயிற்சிக்குக் கட்டும் எடையைக் குறைக்கவும். புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். மேலே சொன்ன பெண்மணிக்கு, உயரத்துக்கேற்ற 53 கிலோவோடு கூடுதல் எடையில் கால் பங்கைச் சேர்த்து 58 கிலோ என்று வைத்தால், தினம் 58 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், இட்லி சட்னியோடு காலை உணவை முடிப்பவர்களுக்கு மூன்று வேளையும் மாற்ற வேண்டிவரும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கும்போது, திருத்திய கெண்டை அளவை ஒப்பிடாதீர்கள். பி.எம்.ஐ. 30-க்குக் கீழே இறங்கியதும் 7-க்குப் பதில் 3 மட்டுமே கழிப்பதால், மெலிந்த காலும் 'தேறிவிட்டதாக'த் தெரியும். கைப்பிடி வலிமையையும் எழுந்து உட்காரும் நேரத்தையும் அப்போதைய வலி அளவோடு சேர்த்து எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.