ஆயில் வடிக்க ஒரு வால்வு: மரையைக் காப்பாற்றும் கால் சுற்று

கார் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பில் ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களில் சிலர் அந்தப் போல்ட்டை எடுத்துவிட்டு, அங்கே சிறிய பித்தளை வால்வு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனத்து வால்வு இந்த வகையில் பெயர் பெற்றது. ஸ்பேனர் வேண்டாம், கையில் ஆயில் படாது என்றுதான் பலரும் இதைப் பாராட்டுவார்கள். என்னைக் கேட்டால், பெரிய லாபம் போல்ட் ஏறும் துளையின் மரைக்குத்தான்.

பல கார்களில் சம்ப் அலுமினிய வார்ப்பு, போல்ட் எஃகு. முடுக்கும்போது போல்ட் மிக லேசாக இழுபட்டு நீள்கிறது. அந்த இழுவிசைதான் வாஷரை நசுக்கி, ஆயில் கசியாமல் பிடித்துக்கொள்கிறது. எம்14 அளவு (14 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுக்குச் சில நிறுவனங்கள் சொல்லும் முறுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். எஃகு தாங்கும், அலுமினிய மரை தாங்காது. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட அது தேய்ந்து, ஒருநாள் போல்ட் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். அப்புறம் ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாகத் துளைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்) போட வேண்டும், இல்லையென்றால் சம்ப்பையே மாற்ற வேண்டும். வால்வு போட்டவர் மரையை ஒருமுறை முடுக்குவதோடு சரி. அதையும் வால்வோடு வரும் தாளில் சொன்ன அளவுக்கே முடுக்க வேண்டும். உள்ளே துளையுள்ள பித்தளை, எஃகு போல்ட் அளவுக்கு முறுக்கைத் தாங்காது.

வால்வின் உள்ளே இருப்பது துளையிட்ட ஓர் உலோக உருண்டை. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கால் சுற்றில் திறக்கும் வால்வு இருக்கிறதே, அதே அமைப்புதான். துளை குழாயின் நேர்க்கோட்டுக்கு வந்தால் ஆயில் பாயும். 90 பாகை திருப்பினால் உருண்டையின் வழவழப்பான பக்கம் வழியை அடைத்துவிடும். லீவர் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பிரிங் அதை அங்கேயே அழுத்தி வைத்திருக்கும். ஸ்பிரிங்கை எதிர்த்து லீவரைத் தூக்கினால்தான் திரும்பும். அதனால் வண்டியின் அதிர்வில் அது தானாகத் திறந்துகொள்வது எளிதல்ல.

"ஓடும்போது ஆயில் அழுத்தம் வால்வைத் தள்ளாதா?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சில பார் அளவுக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் ஏறுவது ஆயில் பம்ப்புக்கு அப்பால், பேரிங்குகளுக்குப் போகும் வழிகளில்தான். சம்ப்பில் இருக்கும் ஆயில் அங்கிருந்து சொட்டி விழுந்து தேங்கியது. 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆயில் நின்றாலும், அதன் எடையால் வால்வின் மேல் விழும் அழுத்தம் ஒரு பாரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

குறை இல்லாமல் இல்லை. வால்வின் துளை, போல்ட் இருந்த துளையைவிடச் சிறியது. விட்டம் பாதியானால் வழியின் பரப்பு கால்பங்காகிவிடும். பிசுபிசுப்பான ஆயில் சுவரில் உரசுவதால் வேகம் இன்னும் குறையும். இங்கே வெப்பம் கைகொடுக்கும். 5W-30 என்ற வகை எஞ்சின் ஆயிலின் பாகுநிலை, அதாவது பிசுபிசுப்பின் அளவு, 40 பாகை செல்சியஸில் பொதுவாக 60 சென்டிஸ்டோக்ஸை (பாகுநிலையின் அலகு) ஒட்டி இருக்கும். 100 பாகையில் 9.3-க்கும் 12.5-க்கும் இடையே இறங்கிவிடும். ஆகவே எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கை சுடாத வெதுவெதுப்பில் வடிப்பது நல்லது. மேலே ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து வைத்தால் காற்று உள்ளே போக, ஆயில் தடையின்றி இறங்கும்.

வால்வின் மரைப்பகுதி சம்ப்புக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த விளிம்புக்குக் கீழே கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடும். சில லிட்டர் புது ஆயிலோடு அந்தச் சிறு அளவு கலப்பதற்காக நான் கவலைப்பட மாட்டேன். சம்ப்புக்குக் கீழே வால்வு எவ்வளவு தொங்குகிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். உயரமான வேகத்தடையோ கல்லோ அதில் இடித்து உடைத்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில் போய், எஞ்சினே கெட்டுவிடும். உயரம் குறைந்த, அடியில் காப்புத்தகடும் இல்லாத வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஃபில்டர் வேலையும் அப்படியேதான் இருக்கும். அது அடிப்பக்கம் உள்ள காரில் எப்படியும் கீழே போயாக வேண்டும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். ஃபில்டர் மேலே இருக்கும் காரில்தான் வால்வின் முழுப்பலன் தெரியும். குழாய் மாட்டும் முனையுள்ள வால்வாக இருந்தால் ஆயில் நேராகக் கேனுக்குள் இறங்கிவிடும். அந்தக் கேனை மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.