விழுங்க வழிவிடும் லேசர்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருகிறது. அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டவர்களை அன்றாடம் வாட்டுவது விழுங்க முடியாத தவிப்பு. குழாயின் உள்விட்டம் சுமார் 13 மி.மீ.க்குக் கீழே சுருங்கினால் கெட்டி உணவு சிக்கும். அப்புறம் குழைந்த சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் எச்சில்கூட இறங்காது. இதை மருத்துவர்கள் 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறார்கள். 4 என்றால் எதுவுமே இறங்கவில்லை. கட்டியைச் சுட்டு வழிதிறக்கும் லேசரின் வேலை இந்த எண்ணைக் குறைப்பது, அவ்வளவுதான். புற்று ஒழியாது.

1982-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஃப்ளெய்ஷரும் சகாக்களும் இதற்கு நியோடிமியம்-யாக் லேசரைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். வாய்வழியே விட்டு உள்ளே பார்க்கும் குழாயான எண்டோஸ்கோப்புக்குள் நுழையும் மெல்லிய இழை வழியே 1064 நானோமீட்டர் அலைநீள ஒளி போகும். இது கண்ணுக்குத் தெரியாது என்பதால், குறி பார்க்கத் தனியாக ஓர் ஒளிப்புள்ளி கூடவே வரும். இந்த ஒளியை நீர் அதிகம் உறிஞ்சுவதில்லை; ஆகவே திசுவுக்குள் சில மி.மீ. ஆழம் இறங்கிச் சூடாக்கும். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் புரதம் உறைந்து, வேகும் முட்டையின் வெள்ளைக்கருபோல் கட்டி வெளுக்கிறது. சிறு ரத்தக்குழாய்களும் அடைபட்டுக் கசிவு நிற்கிறது. 100 டிகிரியைத் தாண்டினால் செல்லிலுள்ள நீர் ஆவியாகி, கட்டி கரிந்து புகையாகிறது. வெந்துபோன மிச்சம் சில நாட்களில் தானே உதிரும்.

முடிந்தவரை இரைப்பைப் பக்கமிருந்து மேல்நோக்கித்தான் சுடுவார்கள். மேலிருந்து தொடங்கினால் வீக்கமும் கரியும் பாதையை மறைத்து, எது கட்டி, எது குழாய்ச் சுவர் என்று தெரியாமல் போகும். சுவரில் ஓட்டை விழுவதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்து. எண்டோஸ்கோப்பு நுழையவே இடமில்லை என்றால், முதலில் வழிகாட்டிக் கம்பியைச் செலுத்திக் குழாயை விரிக்க வேண்டும்.

குழாய்க்குள் துருத்தி நிற்கும் குட்டையான கட்டிக்கு இது நன்றாகவே பலிக்கும். வெளியிலிருந்து அழுத்தும் கட்டிக்கு உதவாது. எரிக்க உள்ளே என்ன இருக்கிறது? தவிர, கட்டி மறுபடி வளரும். சில வாரங்களுக்கொரு முறை மருத்துவமனைக்கு வர வேண்டும். மெலிந்துபோன நோயாளிக்கு அந்த அலைச்சலே பெரிய பாரம். குழாயைத் திறந்தே வைத்திருக்க, தானாக விரியும் உலோக வலைக்குழலான ஸ்டென்ட் வந்ததும் லேசர் பின்னுக்குப் போனதில் வியப்பில்லை.

ஆனாலும் தொண்டைக்குச் சற்றுக் கீழே ஸ்டென்ட் வைத்தால் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் உறுத்திக்கொண்டே இருக்கும். அங்கே இன்னும் லேசரை யோசிக்கலாம். ஸ்டென்ட் வலைக்குள் கட்டி வளர்ந்து அடைத்தாலும் லேசரால் திறக்க முடியும். கதிர் கம்பியில் பட்டு ஸ்டென்ட் சேதமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.