எம்டன் என்பது யார்?

எங்கள் பாட்டி லட்டு டப்பாவைப் பரண்மேல் வைத்துவிட்டு ஏணியையும் எடுத்து ஒளித்துவிடுவார். மறுநாள் டப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். மூடியும் இறுக்கமாகவே இருக்கும், உள்ளே லட்டு மட்டும் இரண்டு குறையும். “சரியான எம்டனாக இருக்கிறானே!” என்பார். திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சொல்லின் குணமே அதுதான்.

துணிச்சல்காரன், தந்திரசாலி, யார் கைக்கும் அகப்படாதவன், பிறரை நடுங்க வைப்பவன் எல்லோருமே எம்டன்தான். எமகாதகன் என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் எமனிலிருந்து வந்ததாக நினைப்பவர்கள் உண்டு. எமனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் எம்டன் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 1908-ல் டான்சிக் நகரில் நீரில் இறக்கிய ஒரு குரூசருக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார்கள். குரூசர் என்றால் கனத்த கவசத்தை நம்பாமல் வேகத்தை நம்பித் தொலைதூரம் சுற்றும் போர்க்கப்பல். 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று. பெரிய கப்பல் என்று சொல்ல முடியாது.

நான்காவது புகைபோக்கி பொய். மரச்சட்டத்தில் கித்தான் துணியைக் கட்டி நிறுத்திவிடுவார்கள். நான்கு புகைபோக்கி கொண்ட ஆங்கிலேயக் குரூசர் என்று எண்ணி எதிரி ஏமாறுவான். 1914 அக்டோபர் 28 அன்று இந்த வேஷத்தில்தான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் குரூசர் ஷெம்சுக்கை மூழ்கடித்தது.

அதற்கு முன்பே சென்னைக்கு வந்துபோயிருந்தது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்கை அணைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மேல் கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் கப்பல் கரையை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிய, கப்பல் இருளில் மறைந்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரை விட்டுக் கிளம்பினார்கள். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் இருக்கிறது.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். வணிகக் கப்பலைப் பிடித்தால் அதிலிருந்தவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசரிடம் எம்டன் அடிபட்டுப் பவளப் பாறையில் ஏறியது. அப்போது தந்தி நிலையத்தை உடைக்கக் கரைக்குப் போயிருந்த துணைத் தலைவர் ஹெல்முட் ஃபான் மியூக்கே, ஏறக்குறைய ஐம்பது பேருடன் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினார். சுமத்ரா, அரேபியா என்று சுற்றி 1915-ல் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தார். பாட்டி பாஷையில் சொன்னால் கப்பலைவிடப் பெரிய எம்டன் இவர்தான்.

ஜெர்மானியர் ‘எம்டென்’ என்பார்கள். நம் வாயில் அது ‘டன்’ ஆனதும் வீரன், கண்டன் போல ஆண்பால் விகுதி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர்ப்பெயர் கப்பலாகி, கப்பல் ஆளாகிவிட்டது. மலையாளத்தில் இதே சொல் எமண்டன் ஆகி, மாபெரியது என்ற பொருளுக்குப் போனது.

தமிழில் மாற்றுச் சொல் கேட்டால் நான் முதலில் ‘கைகாரன்’ என்பேன். திறமையும் தந்திரமும் அதில் இருக்கின்றன, அச்சம் இல்லை. ‘எத்தன்’ ஓசையில் நெருக்கமானது. ஆனால் அவன் வெறும் ஏமாற்றுக்காரன், அவனை யாரும் மெச்சுவதில்லை. ‘விடாக்கண்டன்’ பிடிவாதக்காரன். கில்லாடியும் எமகாதகனும் நம்மவை அல்ல. இடம் பார்த்துக் கைகாரனையோ விடாக்கண்டனையோ போட்டுக்கொள்ளலாம். எம்டனை விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசு விதிக்குத் தோன்றியது. 2006-ல், தமிழில் தலைப்பு வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தபோது, ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் தயாராகியிருந்தது. தலைப்பிலிருந்து ‘டன்’ நீங்கி ‘எம் மகன்’ ஆனது. கண்டிப்பான அப்பா மட்டும் படத்துக்குள் எம்டனாகவே இருந்தார்.