மருத்துவச் சாதனத் தொழில்: அரசு எதற்குக் கைகொடுக்கிறது?

கண்புரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் நடுவட்டம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். அது இறக்குமதிச் சரக்காக இருந்த காலத்தில், வாங்க முடியாத ஏழைகள் அறுவைக்குப் பிறகு தடித்த கண்ணாடியோடுதான் நடமாடினார்கள். மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் அந்த லென்ஸை உள்ளூரிலேயே செய்தது. விலை பல மடங்கு இறங்கியது. ஆனால் ஸ்கேன் இயந்திரம் போன்ற பெரிய கருவிகளில் நாம் இன்னும் வெளிநாட்டை நம்பியே இருக்கிறோம். நம் மருத்துவச் சாதனத் தேவையில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இதை மாற்றத்தான் தேசிய மருத்துவச் சாதனக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. அடுத்த 25 ஆண்டுகளில் உலகச் சந்தையில் 10 முதல் 12 சதவீதப் பங்கைப் பிடிப்பது அதன் இலக்கு. கொள்கை திசையைத்தான் காட்டும். பணம் வருவது தனித்தனித் திட்டங்கள் வழியாக.

முதலாவது, 3,420 கோடி ரூபாயில் 2020இல் வந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம். புற்றுநோய்க் கதிர்வீச்சு, ஸ்கேன், மயக்க மருந்து மற்றும் இதய-நுரையீரல் கருவிகள், உடலில் பொருத்தும் சாதனங்கள் ஆகியவற்றைத் தயாரிக்கத் தேர்வான நிறுவனங்களுக்கு, 2019-20ஆம் ஆண்டைவிடக் கூடுதலாக விற்ற தொகையில் 5 சதவீதம் கிடைக்கும். பழைய விற்பனைக்கு எதுவும் இல்லை. இயல்பாகவே இது பெரிய முதலீட்டாளர்களுக்கு ஏற்ற திட்டம்.

சிறு தொழில்முனைவோர் கவனிக்க வேண்டியது, 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 500 கோடி ரூபாய்த் திட்டம். என் பார்வையில் இதுதான் நோயின் வேரைத் தொடுகிறது. கருவியை இங்கே ஒருங்கிணைத்தாலும் அதன் உயிர்நாடியான உதிரிபாகங்கள் கப்பலில் வந்தால் சுயசார்பு ஏது? அந்தப் பாகங்களையும் மூலப்பொருள்களையும் இங்கேயே செய்வோருக்கு முதலீட்டில் 10 முதல் 20 சதவீதம் மானியம் உண்டு. ஒரு தொழில் முயற்சிக்கு மானிய உச்சவரம்பு 10 கோடி ரூபாய். பொதுப் பரிசோதனைக் கூடங்கள், மனிதர்களிடமும் விலங்குகளிடமும் நடத்தும் ஆய்வுகள், பயிற்சி ஆகியவற்றுக்கும் உதவி இருக்கிறது.

இதோடு மருத்துவச் சாதனப் பூங்காக்களும் உண்டு. தமிழ்நாட்டுக்கு உரியது ஒரகடத்தில். கிருமிநீக்கம், தரச்சோதனை போன்ற செலவு மிகுந்த வசதிகளைப் பலரும் பகிர்ந்துகொள்வதே இதன் பயன்.

மானியத்தைத் தேடும் முன் உங்கள் சாதனம் எந்த வகுப்பு என்று பாருங்கள். 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் ஆபத்தின் அளவை வைத்து ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கின்றன. ஊசி பி வகுப்பு, வென்டிலேட்டர் சி, செயற்கை இதய வால்வு டி. முதல் இரண்டு வகுப்புகளுக்கான உற்பத்தி உரிமம் மாநில அதிகாரியிடம். மற்ற இரண்டுக்கும் டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம். கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத ஏ வகுப்புச் சாதனங்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும்.